கருவிலிருக்கும் பிள்ளையின் கிட்னிக்கு என் கஷாயம் எட்டாது!

சாயங்காலம் வைத்தியசாலையைத் திறந்ததும் முதலில் உள்ளே வந்தது ஒரு மாமியாரும் மருமகளும். மருமகளுக்கு ஐந்தாம் மாதம். மாமியார் கையில் மஞ்சள் பை. பைக்குள் ஸ்கேன் ரிப்போர்ட்.

"அய்யா, வயித்துப் பிள்ளைக்குக் கிட்னியில நீர் கோத்திருக்காம். நீங்க நெருஞ்சில் கஷாயம் கொடுத்தா நீர் பிரிஞ்சு போயிடும்னு ஊர்ல சொன்னாங்க. ஒரு மண்டலத்துக்குக் கொடுங்க அய்யா."

அதோடு விட்டாரா? இல்லை. "போன மாசம் கல்யாணத்துக்குப் போறப்ப பஸ்ஸுல நாலு மணி நேரம் ஒண்ணுக்கு அடக்கி வச்சிருந்தா. நான் அப்பவே சொன்னேன். அதான் பிள்ளைக்குத் தங்கிப்போச்சு." அந்தப் பெண் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

நான் கஷாயம் தர மறுத்துவிட்டேன். முப்பது வருஷமாக நெருஞ்சிலையும் நீர்முள்ளியையும் சிறுபீளையையும் நம்பிச் சாப்பிடுகிறவன் நான். சித்த மருத்துவக் கல்லூரியில் முறையாகப் படித்தவன். கல்லடைப்பு, நீர்ச்சுருக்கு, நீர்க்கடுப்பு என்று வருகிறவர்களுக்கு இன்றைக்கும் இவற்றைத்தான் எழுதிக் கொடுக்கிறேன். அப்படிப்பட்டவன் ஏன் மறுத்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. மாமியாருக்கு அன்று கொஞ்சம் வருத்தம். வாசகர்களில் சிலருக்கும், என் சக வைத்தியர்கள் சிலருக்கும் வருத்தம் வரலாம். பரவாயில்லை.

முதலில் அந்தப் பெண்ணின் மனக்குறையைத் தீர்த்துவிடுவோம். தாய் சிறுநீரை அடக்குவதற்கும் பிள்ளையின் சிறுநீரகம் வீங்குவதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அடக்கினால் தாய்க்குத்தான் நீர்த்தொற்று வரும். கிரகணம் பார்த்தது, பப்பாளி சாப்பிட்டது, மாடிப்படி ஏறியது... இவை எதுவும் காரணம் இல்லை. தயவுசெய்து மருமகள்மேல் பழி போடாதீர்கள்.

பிள்ளையும் சிறுநீர் கழிக்கிறது

கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்திலேயே சிசுவின் சிறுநீரகம் நீரைப் பிரிக்கத் தொடங்கிவிடுகிறது. நான்காம் மாதம் தாண்டியதும் பனிக்குடத்தில் இருக்கிற நீரில் பெரும்பகுதி என்ன தெரியுமா? பிள்ளை கழித்த சிறுநீர்தான்! அதையே விழுங்கி, மறுபடி கழிக்கிறது. முகம் சுளிக்க வேண்டாம். அது கழிவு நீர் இல்லை. பிள்ளையின் ரத்தத்திலுள்ள கழிவை வெளியேற்றும் வேலையை அந்த ஒன்பது மாதமும் நஞ்சுக்கொடிதான் செய்கிறது. பிள்ளையின் சிறுநீரகத்துக்கு அப்போது முக்கிய வேலை பனிக்குடத்தை நிரப்புவது. அந்த நீரில் மிதந்தபடி, அதை நெஞ்சுக்குள் இழுத்து விட்டுத்தான் பிள்ளையின் நுரையீரல் வளர்கிறது. நீர் இல்லாவிட்டால் நுரையீரல் விரியாமல் சுருங்கியே நின்றுவிடும். ஆக, சிறுநீர்ப் பாதையில் அடைப்பு என்றால் முதல் ஆபத்து கிட்னிக்கு மட்டும் இல்லை, மூச்சுக்கும்தான்.

இதில் இன்னொரு வேடிக்கை. நம் கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்க்க என்ன செய்கிறோம்? ரத்தத்தில் யூரியா, கிரியாட்டினின் பார்க்கிறோம். கருவில் அது செல்லாது. பிள்ளையின் ரத்தத்தை எடுத்துக் கிரியாட்டினின் பார்த்தால், நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் கிட்னி சுத்தம் செய்த கணக்குத்தான் வரும். இரண்டு கிட்னியும் அறவே இல்லாத பிள்ளைக்கும் கருவில் இருக்கும்வரை கிரியாட்டினின் சரியாகவே இருக்கும்! பிறந்து கொடி அறுத்த பிறகுதான் உண்மை தெரியும். அதனால்தான் கருவிலேயே கிட்னியின் திறனை அளப்பது இவ்வளவு சிக்கலான காரியமாக இருக்கிறது.

இப்போது கஷாயத்துக்கு வருவோம். நெருஞ்சில் கஷாயம் குடித்தால் தாய்க்கு நீர் நன்றாகப் பிரியும். சரி. பிள்ளைக்கு? பிள்ளையின் பாதையில் ஒரு சவ்வு குறுக்கே நிற்கிறது, அல்லது குழாய் ஓரிடத்தில் குறுகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மதகு அடைத்துக் கிடக்கும்போது வாய்க்காலில் இன்னும் தண்ணீர் விட்டால் என்ன ஆகும்? தாய் நிறையத் தண்ணீர் குடித்தால் பனிக்குட நீர் கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் அது பாதை திறந்திருக்கிற பிள்ளைக்கு. அடைப்பை எந்தக் குடிநீரும் திறக்காது. வெடியுப்புச் சுண்ணம், நண்டுக்கல் பற்பம் போன்றவற்றையெல்லாம் 'பிள்ளைக்கு நீர் உடைய' என்று கர்ப்பிணிக்குக் கொடுக்கிற கொடுமையையும் கேள்விப்படுகிறேன். வேண்டவே வேண்டாம்.

"அப்படியானால் கஷாயம் குடிச்சு எத்தனையோ பேருக்குச் சரியாயிருக்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரியாமல்தான் நானே வழுக்கி விழுந்தேன்.

நூறு கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுத்தால் ஒன்றிரண்டு பேருக்காவது பிள்ளையின் சிறுநீரகம் லேசாக விரிந்திருப்பது தெரியும். சிறுநீரகத்தின் நடுவில் நீர் சேர்கிற கிண்ணம் போன்ற பகுதி ஒன்று உண்டு. ரிப்போர்ட்டில் 'பெல்விஸ்' என்று போட்டு மில்லிமீட்டரில் ஓர் அளவு கொடுத்திருப்பார்கள். ஏழாம் மாதத்துக்குள், அதாவது 28 வாரத்துக்கு முன்னால், அது 4 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் சாதாரணம். 28 வாரத்துக்குப் பிறகு 7-க்குக் கீழே இருந்தால் சாதாரணம். அதைவிடச் சற்றே கூடுதலாக இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பிறப்பதற்குள்ளோ, பிறந்து ஒன்றிரண்டு வருஷத்துக்குள்ளோ தானாகவே சரியாகிவிடும். கஷாயம் குடித்தாலும் சரியாகும், குடிக்காவிட்டாலும் சரியாகும், கோயிலுக்கு நேர்ந்துகொண்டாலும் சரியாகும்!

எனக்கு 1998-ல் இப்படி ஒரு கேஸ் வந்தது. ஒரு பக்கம் மட்டும் லேசான வீக்கம். நீர்முள்ளிக் குடிநீர் கொடுத்தேன். அடுத்த ஸ்கேனில் வீக்கம் இல்லை. குடும்பமே தாம்பூலத் தட்டோடு வந்தது. அதற்குப் பிறகு இன்னும் நான்கைந்து பேர். எல்லாம் சுபம். ஊரில் எனக்கு நல்ல பெயர். நானும் நம்பிவிட்டேன்.

2003-ல் வந்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுத்தான் வந்தார்கள். 19 வாரம். ரிப்போர்ட்டில் இரண்டு கிட்னியும் வீங்கியிருக்கிறது என்று இருந்தது. அதற்கு அடுத்த வரியில், சிறுநீர்ப்பை பெரிதாக இருக்கிறது, ஸ்கேன் முடியும்வரை காலியாகவில்லை என்று இருந்தது. அதற்கும் கீழே, பனிக்குட நீர் சற்றுக் குறைவு என்று. நான் முதல் வரியை மட்டும்தான் படித்தேன். கண்ணில் படவில்லை என்று சொல்ல மாட்டேன். பட்டது. அதன் அர்த்தம் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஸ்கேன் செய்த டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார் என்றார்கள். "அரை மண்டலம் சாப்பிட்டுட்டு அப்புறம் போகலாம்" என்று அனுப்பினேன்.

அரை மண்டலம் என்பது 24 நாள். அதற்குள் பனிக்குடத்தில் நீரே இல்லை. வாரம் 22 தாண்டிவிட்டது. அப்போதிருந்த சட்டப்படி கர்ப்பத்தை முடித்துக்கொள்வதற்கு 20 வாரம்தான் எல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இனிப் பிழைக்காது என்று தெரிந்த பிள்ளையை அந்தப் பெண் இன்னும் மூன்று மாதம் சுமந்தாள். எட்டாம் மாதம் பிறந்தது. நுரையீரல் விரியவில்லை. சில மணி நேரம் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அந்தத் தகப்பன் என்னைப் பார்க்க வந்தார். சண்டை போட வரவில்லை. "அன்னிக்கே போகச் சொல்லியிருந்தா ஏதாச்சும் ஆயிருக்குமா அய்யா?" என்று மட்டும் கேட்டார். அன்றே போயிருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. பெரும்பாலும் பிழைத்திருக்காது. ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளவும், என்ன செய்வது என்று தாங்களே முடிவெடுக்கவும் அவர்களுக்கு ஒரு வாரம் மிச்சம் இருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

பிள்ளையின் நீர்க்குறி

நம் சித்தர்கள் நோயாளியின் நீரைப் பார்த்தே நோயைக் கணித்தார்கள். நீர்க்குறி, நெய்க்குறி என்று தேரையர் பெயரில் வழங்கும் முறை. அதிகாலை நீரைப் பிடித்து நிறம், மணம், நுரை பார்ப்போம். ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு அது எப்படிப் பரவுகிறது என்று பார்ப்போம். கல்லூரியில் இதைப் படித்தபோது, இன்னும் பிறக்காத பிள்ளையின் நீரையே எடுத்துப் பார்க்கும் காலம் வந்துவிட்டது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் மைக்கேல் ஹாரிசன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 1981-ல் ஒரு காரியம் செய்தார். சிறுநீர்ப் பாதை அடைபட்ட ஒரு சிசுவுக்கு, தாயின் கருப்பையைத் திறந்து, கருவிலேயே ஆபரேஷன் செய்து நீர் வெளியேற வழி செய்தார். உலகத்திலேயே அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. ஆபரேஷன் நடந்தது, ஆனால் பிள்ளை பிழைக்கவில்லை. கிட்னியும் நுரையீரலும் அதற்குள்ளேயே மீட்க முடியாதபடி கெட்டிருந்தன. அடைப்பை எடுத்தால் மட்டும் போதாது, உள்ளே கிட்னி மிச்சம் இருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும் என்பது அங்கே உறைத்தது. அதே குழுவினர் 1985-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். தாயின் வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியைச் செலுத்தி, பிள்ளையின் சிறுநீர்ப்பையிலிருந்து நீரை எடுத்து, அதில் உப்பு எவ்வளவு என்று பார்க்கிற கணக்கு.

ஏன் உப்பு? ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 140 அளவில் இருக்கும். கிட்னி முதலில் ரத்தத்தை வடிகட்டும்போது அந்த நீரும் அதே உப்போடுதான் இறங்கும். பிறகு கிட்னிக்குள்ளிருக்கும் நுண்குழாய்கள் உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, நீரை மட்டும் விடும். ஆகவே நல்ல கிட்னி உள்ள சிசுவின் சிறுநீர் சப்பென்று இருக்க வேண்டும். சோடியம் 100-க்குக் கீழே, குளோரைடு 90-க்குக் கீழே, நீரின் மொத்த அடர்த்தியைக் காட்டும் ஆஸ்மொலாலிட்டி 210-க்குக் கீழே என்று அவர்கள் கோடு போட்டார்கள். நுண்குழாய் கெட்டுப்போனால் உறிஞ்சும் சக்தி போய்விடும். சிறுநீர் ரத்தத்தைப் போலவே கரிப்பாக வரும். பின்னால் கால்சியம், பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதம் இவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒரே தடவை எடுத்துப் பார்த்தால் போதாது. சிறுநீர்ப்பையில் நாள்கணக்காகத் தேங்கிய நீர் இன்றைய கிட்னியின் நிலையைச் சொல்லாது. போர் போட்டதும் முதலில் வருகிற கலங்கலைப் பிடித்து டெஸ்ட்டுக்குக் கொடுப்போமா? மோட்டாரை ஓடவிட்டு, ஊறிவருகிற தண்ணீரைத்தானே பிடிப்போம்! அதே மாதிரி முதலில் பையைக் காலி செய்துவிட்டு, ஒன்றிரண்டு நாள் இடைவெளியில் மறுபடியும், தேவைப்பட்டால் மூன்றாம் தடவையும் எடுத்துப் பார்ப்பார்கள். உப்பு இறங்கிக்கொண்டே வந்தால் நல்ல சகுனம். ஏறினாலோ, அப்படியே நின்றாலோ கவலை. இரண்டு நாளாகியும் பை திரும்ப நிரம்பவே இல்லையென்றால், கிட்னி நீர் பிரிப்பதையே நிறுத்திவிட்டது என்று பொருள்.

ஊசியெல்லாம் பிற்பாடுதான். அதற்கு முன்பே ஸ்கேன் நிறையச் சொல்லிவிடும். கிட்னியின் சதைப்பகுதி வழக்கத்தைவிடப் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிகிறதா, அதற்குள் பொட்டுப் பொட்டாக நீர்க்கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் கிட்னி வளரும்போதே கோணலாக வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். கருவில் கிட்னியின் வடிகட்டிகள் உருவாவது 36 வாரத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒன்றுகூடப் புதிதாக முளைக்காது. இழந்தது இழந்ததுதான்.

சரி, இந்தச் சிறுநீர்ச் சோதனையை எந்த அளவுக்கு நம்பலாம்? இங்கே என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். கெட்ட செய்தியை ஓரளவு நம்பலாம். நல்ல செய்தியை அப்படியே நம்பிவிடக் கூடாது. 2007-ல் பிரிட்டனில் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். சோடியமும் கால்சியமும்தான் இருப்பவற்றுள் தேவலை, ஆனாலும் எந்த ஒன்றையும் வைத்துப் பிள்ளையின் கிட்னி எதிர்காலத்தில் எப்படி இருக்கும் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது என்றுதான் முடிவு வந்தது. வாரத்துக்கு வாரம் சாதாரண அளவே மாறுகிறது என்பது வேறு ஒரு சிக்கல்.

அடைப்பைத் தாண்டி நீரை வெளியே விட, சிறுநீர்ப்பைக்கும் பனிக்குடத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் குழாய் வைக்கிறார்கள். 'ஷன்ட்' என்று பெயர். வேலை செய்கிறதா? பிரிட்டன், அயர்லாந்து, நெதர்லாந்து நாடுகளில் இதற்காகவே 'புளூட்டோ' என்ற பெயரில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 150 கர்ப்பிணிகளைச் சேர்க்கத் திட்டம். ஆனால் 31 பேர்தான் சேர்ந்தார்கள். 2013-ல் வெளியான முடிவு இது: குழாய் வைத்த 16 பேரில் 8 பிள்ளைகள் பிறந்து 28 நாள் தாண்டின. வைக்காத 15 பேரில் 4. ஆக, உயிர் தங்குவதற்கு உதவலாம் போலிருக்கிறது. ஆனால் இரண்டு வயதில் கிட்னி சரியாக வேலை செய்த பிள்ளைகள் மொத்தத்தில் இரண்டே இரண்டு. குழாய் நழுவுவது, தாய்க்குச் சீக்கிரமே பிரசவ வலி கண்டுவிடுவது எல்லாம் தனி.

இதைப் படித்ததும் எனக்குத் தெளிவானது ஒன்று. பிள்ளை பிழைக்குமா என்பது ஒரு கேள்வி. அதற்குப் பதில் பெரும்பாலும் பனிக்குட நீரிலும் நுரையீரலிலும் இருக்கிறது. பிழைத்த பிள்ளைக்குக் கிட்னி உழைக்குமா, டயாலிசிஸ் வேண்டியிருக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கான பதில் கிட்னியின் சதையில் இருக்கிறது. டாக்டர் "குழாய் வச்சுப் பார்க்கலாம்" என்று சொன்னால், இந்த இரண்டில் எதற்காகச் சொல்கிறார் என்று கேளுங்கள். பெற்றோர் பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, "ஆபரேஷன் பண்ணினா பிள்ளை நல்லாயிடும்" என்று நம்பிக் கடன் வாங்குகிறார்கள்.

ரிப்போர்ட்டில் முழுசும் படியுங்கள்

'கிட்னி வீக்கம்' என்ற ஒரு வார்த்தையைப் பார்த்ததும் பயந்து ஓடாதீர்கள். அலட்சியமும் வேண்டாம். ஒரு கிட்னியா, இரண்டுமா? ஒன்றுதான் என்றால், மற்றது நன்றாக இருந்தால், பனிக்குட நீர் குறையாது. பிள்ளைக்கு உடனடி ஆபத்தில்லை. சிறுநீர்ப்பை நிரம்பிக் காலியாகிறதா? நல்ல பிள்ளைக்கு அரை மணி, முக்கால் மணிக்குள் ஒரு தடவை காலியாகும். எப்போது பார்த்தாலும் உப்பிக்கொண்டே இருந்தால் அடைப்பு கீழே இருக்கிறது. பனிக்குட நீர் எவ்வளவு? நான்கு இடத்தில் அளந்து கூட்டிச் சொல்லும் கணக்கில் 5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் குறைவு. இந்த மூன்றில், நான் அன்று படிக்காமல் விட்ட பின் இரண்டு வரிகள்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். சிறுநீர்ப்பை உப்பி, நீரும் குறைகிறது என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. கருமருத்துவம் தனியாகப் படித்த நிபுணரிடம் போய்விட வேண்டும். இம்மாதிரி பிள்ளைகளில் சிலருக்குக் குரோமோசோம் கோளாறும் சேர்ந்திருக்கும். அதையும் அவர்கள் பார்ப்பார்கள்.

இன்னொன்று. சிறுநீர்த்தாரையில் சவ்வு குறுக்கிடும் நோய் ஆண் பிள்ளைகளுக்குத்தான் வரும். இதை எங்கேயோ படித்துவிட்டு, "அப்போ பையன்தானே டாக்டர்?" என்று ஸ்கேன் அறையில் கேட்கிற பாட்டிமார்கள் உண்டு. கேட்காதீர்கள். பாலினத்தைச் சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 'கீழ்ப் பாதையில் அடைப்பு' என்று மட்டும்தான் எழுதுவார்கள். பெண் பிள்ளைக்கும் வேறு விதமான அடைப்பு வருவதுண்டு. ஆகவே உங்கள் யூகமும் தப்பாகலாம்!

எனக்குக் கோபம் வருவது இரண்டு தரப்பின்மேல். ஒன்று, 5 மில்லிமீட்டர் வீக்கத்தைப் பார்த்துவிட்டு, "கிட்னி ஃபெயிலியர் ஆகும், கலைச்சிடுறது நல்லது" என்று போகிறபோக்கில் சொல்லிப் பெண்ணை அழவைக்கிறவர்கள். நல்ல பிள்ளைகள் எத்தனை இப்படிப் போயினவோ! அப்படி யாராவது சொன்னால் இன்னொரு ஸ்கேன் எடுக்காமல், இன்னொரு டாக்டரைப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். இரண்டாவது, என் தரப்பு. "இங்கிலீஷ் வைத்தியத்துக்கு முடியாதது நம்மகிட்ட முடியும்" என்று மார்தட்டிக் கஷாயப் பாட்டிலை நீட்டுகிறவர்கள். வாதம், பித்தம், கபம் அறிந்த வைத்தியனுக்குத் தன் மருந்து எதுவரை எட்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத ரிப்போர்ட்டை மடித்துத் திருப்பிக் கொடுப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. இதை என் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சட்டம் 2021-ல் மாறியிருக்கிறது. குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரம் வரை எல்லை. அதற்குப் பிறகும், பிள்ளைக்குப் பெரிய குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு உறுதி செய்தால் அனுமதி உண்டு. வைத்துக்கொள்வதா, வேண்டாமா என்பது பெற்றோர் முடிவு. அதில் நானோ, ஊராரோ தலையிட முடியாது. வைத்துக்கொண்டு, பிறந்தபின் உரிய சிகிச்சை கொடுத்து, பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் முடிவெடுக்க அவகாசம் வேண்டும். ஐந்தாம் மாத ஸ்கேனை 18-லிருந்து 20 வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள் என்று சொல்வது அதற்காகத்தான். வளைகாப்பு முடியட்டும், ஆடி கழியட்டும் என்று தள்ளாதீர்கள்.

பிறந்த பிறகு செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். பிள்ளை கொழுகொழு என்று பிறந்துவிட்டது, ஒன்றுக்கும் போகிறது, இனி ஸ்கேன் எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். சிறுநீர் போகிறது என்பதாலேயே அடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. சொட்டுச் சொட்டாகப் போனாலும் போகிறதுதானே! கருவிலேயே சிறுநீர்ப்பை உப்பியிருந்த பிள்ளைக்குப் பிறந்த உடனேயே குழாய் போட்டு நீரை வடித்து, ஸ்கேன் எடுத்து, சவ்வு இருந்தால் உள்ளே பார்க்கும் கருவி மூலம் அதை நீக்குவார்கள். அதன் பிறகு கிரியாட்டினினைத் தொடர்ந்து கவனிப்பார்கள். முதல் வருஷத்தில் அது ஒரு மில்லிகிராமுக்குக் கீழே இறங்காமலே நின்றால், பிற்காலத்தில் கிட்னி கைவிடக்கூடும் என்று பொருள். எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு நல்லது. கருவில் எடுத்த எல்லாச் சோதனையையும்விட இந்த எண்தான் நம்பகமானது என்பது என் எண்ணம்.

லேசான வீக்கம் உள்ள பிள்ளைக்கு அவசரம் இல்லை. பிறந்த முதல் இரண்டு நாளில் பிள்ளையின் உடம்பில் நீர் குறைவாக இருக்கும். அப்போது ஸ்கேன் எடுத்தால் வீக்கம் இருந்தாலும் தெரியாமல் போகலாம். இரண்டு நாள் கழித்து, ஒரு மாதத்துக்குள் ஒன்று எடுங்கள். அது சரியாக இருந்தாலும், ஆறு மாதத்துக்குள் இன்னொன்று. நடுவில் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், மாந்தம், செவ்வாப்பு என்று உரை மருந்து கொடுத்துக்கொண்டிராமல், உடனே சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

அந்த மாமியாரும் மருமகளும் வந்தது போன வருஷம். அன்று நான் ரிப்போர்ட்டை மூன்று தடவை படித்தேன். இடது பக்கம் மட்டும் 6 மில்லிமீட்டர். சிறுநீர்ப்பை சரி. பனிக்குட நீர் சரி. படித்ததை அந்தப் பெண்ணிடம் வரி வரியாகச் சொன்னேன். 32 வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்று அவளுடைய டாக்டர் எழுதியிருந்த வரியின் கீழே பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தேன். 32 வாரத்தில் அது 8 ஆக இருந்தது. பேறுகாலம் சுகமாக முடிந்தது. பிறந்து பதினோராம் நாள் எடுத்த ஸ்கேனிலும் லேசான வீக்கம் இருந்தது. இப்போது பிள்ளைக்கு நான்கு மாதம். அடுத்த ஸ்கேன் வருகிற மாதம். தேதியை மாமியாரே காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாராம்.